ஸ்விங் காலத்து நினைவுப் பொருட்கள்: சேகரிக்க நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பழைய இசைத்தட்டு சேர்ப்பவன் என்று தெரிந்ததும் என்னிடம் வரும் கேள்விகளில் பாதி இளையராஜா எல்பி பற்றி இருக்கும். அதற்கு என்னைவிட நன்றாகப் பதில் சொல்ல ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். என் பைத்தியம் வேறு. 1930, 40களில் அமெரிக்காவை ஆட்டிவைத்த, பெரிய குழுக்கள் நடனத்துக்கு வாசித்த ஸ்விங் ஜாஸும், அந்த நாட்களிலிருந்து மிஞ்சியிருக்கும் தட்டு, காகிதம், புகைப்படம், தீப்பெட்டி அட்டை முதலியவையும்தான் அது. அதைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

ஸ்விங் காலம் என்று எந்த ஆண்டுகளைச் சொல்கிறார்கள்?

பொதுவாக 1935 முதல் 1946 வரை. 1935 ஆகஸ்ட் 21 அன்று லாஸ் ஏஞ்சலஸின் பலோமார் நடன அரங்கில் பென்னி குட்மனின் குழு வாசித்ததைத் தொடக்கமாகச் சொல்வார்கள். அதுவரை ஊர் ஊராகப் போய்த் தோற்றுக்கொண்டு வந்த குழு அது. அன்றிரவு வழவழப்பான நடனப் பாட்டுகளை ஓரம்கட்டிவிட்டு, பிளெட்சர் ஹென்டர்சன் எழுதிக் கொடுத்த சூடான உருப்படிகளை எடுத்ததும், ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை விட்டு மேடைக்கு முன்னால் கூடிவிட்டார்கள்.

இந்தக் கதையில் ஒரு ஓட்டை உண்டு. ஹென்டர்சன் கறுப்பினத்தவர், அதே பாணியைத் தன் குழுவோடு பல ஆண்டுகளாக நியூயார்க்கில் வாசித்து வந்தவர். இன்னொரு கறுப்பினக் குழுத் தலைவரான டியூக் எலிங்டன் 1927லேயே நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லெமின் காட்டன் கிளப்பில் இருந்தார். ஆக, 1935 என்பது வெள்ளை இளைஞர் கூட்டத்துக்கு இந்த இசை போய்ச் சேர்ந்த ஆண்டு, அவ்வளவே. சேகரிப்பவர்கள் 1935க்கு முந்தைய பொருள் என்று தெரிந்தால் முகம் திருப்பக் கூடாது.

நினைவுப் பொருள் என்றால் தட்டு மட்டும்தானா?

இல்லை. தட்டு பெரும்பங்கு, அதற்கு அப்பால் ஒரு கடல் இருக்கிறது. குழுத் தலைவரின் படம் போட்ட பாட்டுநோட்டுத் தாள்கள், நடன அரங்கின் துண்டு விளம்பரங்கள், கடை ஜன்னலில் வைக்கும் அட்டைச் சுவரொட்டிகள், ரசிகர்களுக்கு அனுப்பிய புகைப்படங்கள், உணவுப் பட்டியல்கள், அனுமதிச் சீட்டுகள். 1934ல் சிகாகோவில் தொடங்கிய டவுன்பீட் போன்ற இதழ்கள். அப்புறம் ‘சவுண்டீஸ்’ என்ற மூன்று நிமிடப் படச்சுருள்கள்.

சவுண்டீஸ் பற்றி ஒரு வேடிக்கை. 1940 முதல் 1946 வரை மதுக்கடைகளில் பெட்டிக்குள் காசு போட்டுப் பார்த்த 16 மி.மீ. படங்கள் இவை. பெட்டிக்குள் கண்ணாடி வைத்துப் பிம்பத்தைத் திருப்பி விட்டதால், பிரதிகளையே இடவலம் மாற்றி அச்சடித்தார்கள். சாதாரணப் புரொஜெக்டரில் ஓட்டினால் டிரம்பெட்காரர் இடக்கையால் வாசிப்பார். அதைப் பார்த்துவிட்டு ‘அச்சுப் பிழை, அபூர்வம்’ என்று கூடுதல் விலை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

கையில் கொஞ்சம்தான் பணம். எதிலிருந்து தொடங்கலாம்?

அந்தக் காலத்தில் லட்சக்கணக்கில் விற்ற தட்டுகளிலிருந்து. கிளென் மில்லரின் ‘இன் தி மூட்’, புளூபேர்ட் முத்திரையில் பி-10416. ‘மூன்லைட் செரினேட்’, பி-10214. ஆர்ட்டி ஷாவின் ‘பிகின் தி பெகின்’, பி-7746. எல்லாரிடமும் இருந்ததால் இன்றும் நிறையக் கிடைக்கிறது. அமெரிக்க விற்பனையாளர்கள் அடுக்கிலிருந்து அள்ளித் தருகிறார்கள். தட்டு விலையைவிடத் தபால் செலவு அதிகம்.

மில்லரின் ‘சட்டனூகா சூ சூ’வும் அப்படித்தான். பன்னிரண்டு லட்சம் பிரதிகள் விற்றதற்காக, 1942 பிப்ரவரி 10 அன்று ஆர்சிஏ விக்டர் நிறுவனம் தங்கப் பூச்சுப் பூசிய ஒரு தட்டை வானொலி நிகழ்ச்சியிலேயே அவரிடம் கொடுத்தது. தங்கத்தட்டு கொடுக்கும் வழக்கமே அதிலிருந்துதான் வந்தது. சாதாரண அச்சு இன்றும் ஒரு வேளைச் சாப்பாட்டு விலைதான்.

பாட்டுநோட்டுத் தாள்களும் மலிவு, அழகு. சட்டம் போட்டு மாட்ட நினைப்பவர்களுக்கு அதைத்தான் சொல்வேன்.

தொண்ணூறு வயதுப் பொருள் எப்படி மலிவாக இருக்கும்?

வயதுக்கும் விலைக்கும் நேரடி உறவு கிடையாது. எத்தனை அச்சாயிற்று, எத்தனை மிஞ்சியது, எத்தனை பேர் தேடுகிறார்கள் என்ற மூன்றும் சேர்ந்துதான் விலை. 1932, 33ல் பொருளாதாரப் பெருமந்தத்தின் அடியில் வந்த தட்டுகள் சொற்பமாகவே விற்றன. அதனால் அவற்றுக்கு மதிப்பு. 1934ல் டெக்கா நிறுவனம் 35 சென்ட்டுக்குத் தட்டு விற்க வந்தது. விக்டரின் முதல்தரத் தட்டு அப்போது 75 சென்ட். விக்டரும் தன் மலிவு முத்திரையான புளூபேர்டை அதே 35 சென்ட்டில் நிறுத்தியது. கூடவே காசு போட்டால் தட்டு ஓட்டும் ஜூக்பாக்ஸ் பெட்டி பரவியது. தட்டுகள் மலை மலையாக வெளியே போயின.

ஜூக்பாக்ஸில் ஓடிய தட்டை வாங்காமல் இருக்கப் பழகுங்கள். விளக்குக்குக் கீழே சாய்த்துப் பிடித்தால் பளபளப்பு போய் வரிப்பள்ளங்கள் சாம்பல் பூத்திருக்கும். எவ்வளவு கழுவினாலும் அந்தச் சாம்பல் போகாது. இரும்பு முள் பள்ளத்தின் சுவரையே தேய்த்துவிட்டது.

லேபிளையும் எண்களையும் எப்படிப் படிப்பது?

ஒரு தட்டைக் கையில் எடுத்துக்கொள்வோம். ‘இன் தி மூட்’ என்றே வைத்துக்கொள்ளுங்கள். லேபிளில் இருக்கும் பி-10416 என்பது விற்பனைப் பட்டியல் எண். பின்பக்கம் ‘ஐ வான்ட் டு பி ஹேப்பி’ இருக்க வேண்டும். வேறு பாட்டு இருந்தால் உங்கள் கையில் இருப்பது மறுவெளியீடு. அடுத்து, லேபிளைச் சுற்றி முள் ஓடி முடியும் வெற்று வளையத்தைப் பாருங்கள். அதில் பிஎஸ் என்று தொடங்கும் இன்னொரு எண் பொறித்திருக்கும். அது ஒலிப்பதிவுக் கூடம் கொடுத்த மேட்ரிக்ஸ் எண். விக்டர் குடும்பத்தில் பிஎஸ் என்றால் பத்து அங்குலம், சிஎஸ் என்றால் பன்னிரண்டு அங்குலம். கடைசியில் வரும் 1, 2 என்பது எத்தனையாவது முயற்சி என்பதைச் சொல்லும். ஒரே பாட்டின் முதல் முயற்சியும் இரண்டாம் முயற்சியும் வெவ்வேறு ஆண்டுகளில் வெளிவந்திருந்தால், அதில் தனி வாசிப்பு மாறியிருக்கும். அதைத் தேடுவதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது.

எண்ணைக் குறித்துக்கொண்டு, சாண்டா பார்பராவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம் நடத்தும் அமெரிக்க வரலாற்று ஒலிப்பதிவுத் தரவுத்தளத்தில் தேடுங்கள். இலவசம். எந்தத் தேதி, எந்த ஊர், பெரும்பாலும் யார் யார் வாசித்தார்கள் என்பது வரை வரும். ‘இன் தி மூட்’ 1939 ஆகஸ்ட் 1 அன்று பதிவானது.

அதே பாட்டு 20 என்று தொடங்கும் எண்ணோடு விக்டர் லேபிளில் வந்தால், அது போர்க்காலத்திலோ அதற்குப் பிறகோ வந்த மறுஅச்சு. இன்னொரு குறுக்குவழி: கவுண்ட் பேசியின் சின்னக்குழு 1939ல் வோகாலியன் முத்திரைக்குப் பதிந்த ‘லெஸ்டர் லீப்ஸ் இன்’ போன்றவை, அடுத்த ஆண்டு அந்த முத்திரை நிறுத்தப்பட்டதும் அதே எண்ணோடு ‘ஓகே’ என்ற பெயருள்ள லேபிளில் வந்தன. ஒலி ஒன்றுதான். முதல் அச்சு வேண்டும் என்பவர் வோகாலியனைத் தேட வேண்டும்.

78 தட்டு (நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டு) எதனால் ஆனது? பிளாஸ்டிக்தானே?

அரக்கு. நம் அஞ்சலகத்தில் பார்சலுக்கு முத்திரை வைத்தார்களே, அந்த வகை. பலாசு, இலந்தை போன்ற மரங்களில் ஒட்டி வாழும் அரக்குப்பூச்சி சுரக்கும் பிசின் அது. இன்றைய ஜார்க்கண்டைச் சுற்றிய காடுகள்தான் உலகுக்கே அதை அனுப்பின. கப்பலில் போய்ச் சேர்ந்த அரக்கோடு கல்மாவு, கரி, பஞ்சு நார் எல்லாம் சேர்த்துச் சூடாக அழுத்தினால் எலிங்டன் தயார். தட்டில் அரக்கின் பங்கு பெரும்பாலும் கால்வாசிகூட இல்லை, மீதி மாவு. அதனால்தான் பின்னணியில் அந்த ‘ஸ்ஸ்’ சத்தம்.

இரண்டாம் உலகப் போரில் இந்தக் கப்பல் பாதை அடைபட்டது. 1942 ஏப்ரலில் அமெரிக்கப் போர் உற்பத்தி வாரியம், தட்டு நிறுவனங்கள் பயன்படுத்தும் அரக்கை 70 விழுக்காடு குறைக்க ஆணையிட்டது. புதுத் தட்டு வேண்டுமானால் பழையதைக் கொண்டுவா என்று கடைகளில் கேட்டார்கள். அப்படி அரைபட்டுப் போன தட்டுகளில் எத்தனை அபூர்வம் இருந்ததோ. போர்க்கால அச்சுகளில் பழைய தட்டுகளின் தூளைக் கலந்ததால் இரைச்சல் கூடுதலாகவே இருக்கும். 1942, 43 அச்சு கரகரத்தால் உங்கள் முள்ளைத் திட்டாதீர்கள்.

பூஞ்சை பிடித்த தட்டை எதால் துடைப்பது?

முதலில் எதால் துடைக்கக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன். ஸ்பிரிட், சானிடைசர், வாசனைத் திரவியம், ஆல்கஹால் கலந்த எதுவும் கூடாது. அரக்கு ஆல்கஹாலில் கரையும். மரச்சாமானுக்குப் பாலிஷ் போடும் ஆசாரி ஸ்பிரிட்டில் அரக்கைக் கரைப்பதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். இருந்தும் செய்தேன்.

எல்லா கார் கண்ணாடியும் வியர்க்கும் ஒரு ஐப்பசி மழைக்காலம். கவுண்ட் பேசியின் ஒரு டெக்கா தட்டில் வெள்ளைப் புள்ளிகள். எல்பிக்குப் பழகிய கை, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஒரு சுற்றுத் துடைத்தது. பஞ்சைத் திருப்பிப் பார்த்தால் கன்னங்கரேல் என்று இருந்தது. அழுக்கு எவ்வளவு வருகிறது பார் என்று சந்தோஷப்பட்டு இன்னொரு சுற்று. காய்ந்த பிறகுதான் தெரிந்தது, விரல் போன வழி முழுக்க மங்கலான ஒரு பட்டை. ஓட்டினால், ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடம் வரும்போது துடைப்பம் பெருக்குவதுபோல ஒரு சத்தம். பஞ்சில் வந்த கறுப்பு தட்டேதான்.

சரி, எதால் துடைப்பது? காய்ச்சி வடித்த தண்ணீர், அதில் மணமில்லாத மென்மையான சோப்பு ஒரு சொட்டு, மென்முடித் தூரிகை. வரிப்பள்ளம் ஓடும் திசையில் மட்டும் தேய்க்க வேண்டும். லேபிள் நனையக் கூடாது, ஊறப்போடவே கூடாது. உடனே நல்ல தண்ணீரால் அலசி, பருத்தித் துணியால் ஒற்றி, நிழலில் நிற்கவைத்துக் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் வளையும். அரக்கு மாளிகைக் கதை கேட்டு வளர்ந்த நமக்கு, அரக்கும் சூடும் சேராது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வைக்கும்போது புத்தகம்போல நிமிர்த்தி வையுங்கள். சாய்ந்தால் வளையும், படுக்கப்போட்டு அடுக்கினால் அடியில் இருப்பது உடையும். சென்னை, கொழும்பு மாதிரிக் கடலோர ஈரத்தில் பீரோவுக்குள் சிலிகா ஜெல் பை போட்டு, மாதம் ஒருமுறை மாற்றுங்கள்.

வீட்டில் இருக்கும் எல்பி பிளேயரில் போட்டால் ஓடுமா?

78 வேகம் இருந்தால் ஓடும், ஆனால் முள்ளை மாற்ற வேண்டும். எல்பி முள்ளின் நுனி 78 தட்டின் அகலமான பள்ளத்தில் அடியில் போய் உரசும். சத்தமும் மோசம், முள்ளும் பாழ். மூன்று மில், அதாவது 0.003 அங்குல நுனி என்று கேட்டு வாங்குங்கள். அலங்காரத்துக்கு வாங்கிய குழாய் கிராமபோனில் ஆசைக்கு ஒருமுறை போடலாம். அதில் இரும்பு முள்ளை ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்ற வேண்டும். மதிப்புள்ள தட்டை அதில் போடாதீர்கள்.

வி-டிஸ்க் என்கிறார்களே, அது என்ன?

அமெரிக்க ராணுவம் தன் வீரர்களுக்காக 1943 அக்டோபர் முதல் 1949 மே வரை அச்சடித்த தட்டுகள். அவற்றின் பின்னால் ஒரு வேலைநிறுத்தம் இருக்கிறது. 1942 ஆகஸ்ட் 1 முதல், ஜேம்ஸ் பெட்ரில்லோ தலைமையிலான இசைக்கலைஞர் சங்கம் தட்டு நிறுவனங்களுக்கு வாசிக்க மறுத்தது. டெக்கா 1943ல் பணிந்தது. விக்டரும் கொலம்பியாவும் 1944 நவம்பர் வரை தாக்குப்பிடித்தன. நடுவில் ராணுவத்துக்கு மட்டும் சங்கம் விலக்கு கொடுத்தது: விற்கக் கூடாது, பிற்பாடு மூலத்தகடுகளை அழித்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஆகவே கடைகளில் புதுச் சரக்கு வறண்ட காலத்தில் பெரிய பெரிய குழுக்கள் என்ன வாசித்தன என்பதற்கு வி-டிஸ்க்தான் முக்கியமான சாட்சி.

பன்னிரண்டு அங்குலம், 78 வேகம், பெரும்பாலும் வினைல். ஒரு பக்கத்தில் ஆறு நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். மூன்று நிமிடத்துக்குள் அடங்கிப் பழகிய கலைஞர்கள் இதில் கொஞ்சம் கை வீசி வாசித்தார்கள். எண்பது லட்சத்துக்கு மேல் உலகெங்கும் அனுப்பினார்கள், பிறகு அழிக்கச் சொல்லி ஆணை வந்தது. வீரர்கள் பையில் சுருட்டிக்கொண்டு வந்தவைதான் இன்று சந்தையில் இருப்பவை. அரக்கு உடைந்து வந்து மனம் வெறுத்தவர்களுக்கு நான் இதையே சிபாரிசு செய்வது வழக்கம்; தபாலில் உடையாது.

கிளென் மில்லர் கையெழுத்து ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. அசலா?

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இது. மை என்ன என்றுதான் முதலில் கேட்பேன்.

மில்லர் ஏறிய விமானம் 1944 டிசம்பர் 15 அன்று இங்கிலாந்திலிருந்து பாரீஸ் போகும் வழியில் காணாமல் போனது. அமெரிக்காவில் பால்பாயின்ட் பேனா முதன்முதலாகக் கடைக்கு வந்தது 1945 அக்டோபர் 29 அன்று, நியூயார்க்கில், பன்னிரண்டரை டாலர் விலைக்கு. ஆகவே பால்பாயின்டில் மில்லர் கையெழுத்து என்றால் பேச்சே இல்லை. டிரம்மர் சிக் வெப் 1939 ஜூனில் இறந்தார், கிட்டார் சார்லி கிறிஸ்டியன் 1942 மார்ச்சில், டிரம்பெட் பன்னி பெரிகன் அதே ஆண்டு ஜூனில், பியானோ ஃபேட்ஸ் வாலர் 1943 டிசம்பரில். இவர்கள் யாருமே பால்பாயின்டைத் தொட்டிருக்க முடியாது.

பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். மைப்பேனா எழுத்தில், கோடு திரும்பும் இடத்தில் மை தேங்கி அடர்ந்திருக்கும். நிப்பின் இரு கால்கள் விரிந்த இடத்தில் ஓரங்கள் கறுத்து நடு வெளிறியிருக்கும். பால்பாயின்ட் காகிதத்தில் ஒரு வாய்க்கால் வெட்டிக்கொண்டு போகும். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் அந்தப் பள்ளம் நிழலாகத் தெரியும்.

மை சரியாக இருந்தால் அசல் என்று அர்த்தமில்லை. பிரபலக் குழுத் தலைவர்களுக்கு வந்த ரசிகர் கடிதங்களுக்குப் பல சமயம் காரியதரிசியே கையெழுத்துப் போட்டு அனுப்பினார். அச்சிலேயே கையெழுத்து வந்த படங்களும் உண்டு. குட்மன், பேசி, எலிங்டன் போன்றவர்கள் பல பத்தாண்டு வாழ்ந்து ஆயிரக்கணக்கில் கையெழுத்திட்டவர்கள். அவர்களுடையது 1970களின் கையெழுத்தாக இருந்தாலும் அசலே. ஆனால் அதை ஸ்விங் காலப் பொருள் என்று விலை சொன்னால் மறுத்துவிடுங்கள்.

இன்னொரு கண்ணி: கிளென் மில்லர் இசைக்குழு என்ற பெயரில் 1956லிருந்து இன்றுவரை ஒரு குழு ஊர் ஊராகப் போய் வாசித்துக்கொண்டிருக்கிறது. அதன் நிகழ்ச்சி அட்டைகளில் அவர் பெயர்தான் பெரிதாக இருக்கும். சின்ன எழுத்தில் நடத்துநர் பெயரைத் தேடிப் படியுங்கள்.

சுவரொட்டி, புகைப்படம் பழையதா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

கள்ள நோட்டுப் பார்க்கக் கடைக்காரர்கள் வைத்திருக்கும் புற ஊதா டார்ச் போதும். இருட்டறையில் காகிதத்தின் மேல் அடியுங்கள். சுமார் 1950க்குப் பிறகு காகிதத்தில் வெண்மையூட்டும் ரசாயனம் சேர்க்க ஆரம்பித்தார்கள். அது நீல வெள்ளையாகப் பளீரென்று ஒளிரும். 1938 சுவரொட்டி அப்படி மின்னினால் அது பேரன் அச்சு. மின்னாவிட்டாலும் உறுதியில்லை, ஏனென்றால் பழைய காகிதத்தில் புதிதாக அச்சடிக்கும் கெட்டிக்காரர்கள் உண்டு.

புகைப்படத்தில் வில்லியம் காட்லீப் பெயர் அடிக்கடி வரும். 1938 முதல் பத்தாண்டுகள் ஜாஸ் கலைஞர்களை எடுத்தவர். அவருடைய சுமார் 1,600 படங்களை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 1995ல் வாங்கியது. 2010 பிப்ரவரியில் அவை பொதுவுடைமை ஆகிவிட்டன. உயர்தரக் கோப்பை யாரும் இறக்கி அச்சடிக்கலாம். அதைச் செய்து ‘அசல் காட்லீப்’ என்று விற்கிறார்கள். நீங்களே இறக்கி அருகிலுள்ள ஸ்டூடியோவில் அச்சடித்து மாட்டிக்கொள்ளுங்கள், தப்பே இல்லை.

குட்மனின் நியூயார்க் கார்னகி ஹால் கச்சேரியின் 1938 தட்டு என்று ஒருவர் விற்கிறார். வாங்கலாமா?

வேண்டாம். கச்சேரி நடந்தது 1938 ஜனவரி 16. மேடைக்கு மேலே தொங்கிய ஒற்றை மைக்கிலிருந்து பதிவானது. ஆனால் அது விற்பனைக்கு வந்தது 1950ல்தான், கொலம்பியாவின் எல்பியாக. அன்றைய நிகழ்ச்சி நிரல் தாளோ சீட்டோ என்றால் பேசிப் பார்க்கலாம்.

‘சிங், சிங், சிங்’ பாட்டை 1937ல் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிந்த தட்டு வேண்டுமானால் விக்டர் 36205, பன்னிரண்டு அங்குலம், பாட்டு இரண்டு பக்கமும் ஓடும். ‘எ சிம்போசியம் ஆஃப் ஸ்விங்’ என்ற தொகுப்பில் வந்தது. அந்நாளில் ஆல்பம் என்றால் போட்டோ ஆல்பம்போலவே அட்டை போட்டுத் தைத்து, உள்ளே உறை உறையாகத் தட்டுகள் இருக்கும். அந்தத் தொகுப்பு முழுதாக, முதுகு கிழியாமல் கிடைத்தால் விடாதீர்கள்.

தீப்பெட்டி அட்டை சேர்ப்பது சின்னப்பிள்ளைத்தனமாகத் தெரிகிறதே?

எனக்குப் பிடித்ததே அதுதான். நியூ ரோஷலின் கிளென் ஐலண்ட் கசினோ, நியூ ஜெர்சியின் மெடோபுரூக், நியூயார்க் பென்சில்வேனியா ஹோட்டலின் கஃபே ரூஜ். வானொலியில் நேரடியாக ஒலிபரப்பிய இந்த அரங்குகளின் பெயர் அச்சிட்ட அட்டைத் தீப்பெட்டிகள் நிறையக் கிடைக்கும். பென்சில்வேனியா ஹோட்டலின் தொலைபேசி எண்ணே மில்லரின் பாட்டாயிற்று. ஹோட்டலை இப்போது இடித்துவிட்டார்கள், எண் மட்டும் அட்டையில் இருக்கிறது. விமானத் தபாலில் தீக்குச்சி அனுப்ப முடியாது. குச்சியை எடுத்துவிட்டு அட்டையை மட்டும் அனுப்பச் சொல்லுங்கள்.

கறுப்பினக் குழுக்களின் காகிதப் பொருட்கள் ஏன் அவ்வளவு குறைவு?

குறைவாக அச்சடித்தார்கள், குறைவானவர்களே பாதுகாத்தார்கள். காட்டன் கிளப் மேடையில் வாசித்தவர்கள், ஆடியவர்கள் கறுப்பினத்தவர். பார்வையாளர் வெள்ளையர் மட்டும். அதன் வழவழப்பான நிகழ்ச்சி அட்டைகளை வசதியுள்ளவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்தார்கள், அவை மிஞ்சின. ஹார்லெமிலேயே லெனாக்ஸ் அவென்யூவின் சவாய் நடன அரங்கில் 1926 முதல் 1958 வரை இரு நிறத்தவரும் சேர்ந்தே ஆடினார்கள். 1937 மே 11 அன்று சிக் வெப்பின் குழு குட்மன் குழுவோடு மோதி ஜெயித்தது அங்கேதான். அதன் துண்டுத் தாள்கள் தெருவில் கொடுத்தவை, தெருவிலேயே போயின. தென்மாநிலங்களில் புகையிலைக் கிடங்குகளில் நடந்த ஓரிரவு ஆட்டங்களுக்கு ஒட்டிய அட்டைகளின் கதி சொல்லவே வேண்டாம்.

பெண்கள் குழுக்களுக்கும் இதே நிலை. மிசிசிப்பியின் பைனி வுட்ஸ் பள்ளியில் 1937ல் உருவான இன்டர்நேஷனல் ஸ்வீட்ஹார்ட்ஸ் ஆஃப் ரிதம் குழுவின் பொருட்களை 2011ல் அதன் முன்னாள் உறுப்பினர்களே ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள். இந்த வகையில் ஏதாவது கண்ணில் பட்டால், கிழிந்திருந்தாலும் வாங்குவேன்.

அலுமினியத் தகட்டில் கறுப்புப் பூச்சுப் பூசிய தட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. லேபிளில் கையால் எழுதியிருக்கிறது. என்ன அது?

ஓட்டிப் பார்க்காதீர்கள்! அது ஒருவேளை உலகில் ஒன்றே ஒன்றாக இருக்கலாம். வானொலியில் வந்ததை நேரடியாக வெட்டிப் பதிந்த தட்டு அது. அசிட்டேட் என்பார்கள், உண்மையில் பூச்சு செல்லுலோஸ் நைட்ரேட். போர்க்காலத்தில் அலுமினியம் கிடைக்காமல் கண்ணாடி மேல் பூசினார்கள். அதைக் கீழே வைக்கும்போதே பயமாக இருக்கும். மேலே வெள்ளைப் பொடி படிந்திருந்தால் பூஞ்சை என்று நினைக்க வேண்டாம். பூச்சு நெகிழ்வாக இருக்கச் சேர்த்த ஆமணக்கெண்ணெய் சிதைந்து வெளியே கசிவது அது.

வில்லியம் சேவரி என்ற ஒலிப்பொறியாளர் 1930களின் பிற்பாதியில் இப்படி நூற்றுக்கணக்கில் பதிந்து வைத்திருந்தார். பெரும்பாலானவற்றை யாருக்கும் கேட்கக் கொடுக்கவில்லை. அவர் 2004ல் இறந்து, 2010ல் மகனிடமிருந்து ஹார்லெமின் தேசிய ஜாஸ் அருங்காட்சியகம் அவற்றை வாங்கியபோது, கிட்டத்தட்ட ஆயிரம் தட்டுகள். சில பூச்சு உரிந்து போயிருந்தன. உங்களிடம் இருப்பதைத் தேர்ந்த ஒலிமீட்பாளரிடம் கொடுத்து ஒரே ஒருமுறை ஓட்டிப் பதியுங்கள்.

இந்தியாவில் ஏதாவது கிடைக்குமா?

கிடைக்கும். கல்கத்தா டம்டம் ஆலையில் எச்எம்வி, கொலம்பியா லேபிள்களில் மேற்கத்திய நடன இசையும் அச்சானது. நம் ஊர்ப் பழைய கடைகளில் அவ்வப்போது தலைகாட்டும் ஸ்விங் தட்டுகளில் அந்த அச்சும் கலந்திருக்கும். 1985ல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டைப் பற்றி மூத்த சேகரிப்பாளர்கள் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள்.

அமெரிக்காவில் கிடைக்காத சரக்கும் இங்கே உண்டு. பியானோக்காரர் டெடி வெதர்போர்ட் சிகாகோவிலிருந்து ஆசியாவுக்கு வந்து, பம்பாய் தாஜ் ஹோட்டலிலும் கல்கத்தா கிராண்ட் ஹோட்டலிலும் வாசித்து, போர்க்காலத்தில் கல்கத்தாவிலேயே கொலம்பியாவுக்குப் பதிந்து, 1945ல் அங்கேயே காலராவில் இறந்தார். கோவாக்காரரான சிக் சாக்லேட் பம்பாயின் டிரம்பெட் நட்சத்திரம். இவர்கள் தட்டுகளுக்கு வெளிநாட்டில் ஆள் இருக்கிறது. காயலான் கடைக்காரருக்கு இது தெரியாத வரைக்கும் நமக்கு நல்லது.

வெளிநாட்டிலிருந்து தட்டு உடையாமல் வர என்ன சொல்ல வேண்டும்?

ஒருமுறை எனக்கு வந்த பெட்டியைத் தூக்கியதும் உள்ளே சில்லறை குலுங்கும் சத்தம் கேட்டது. திறக்காமலே தெரிந்துவிட்டது. விற்றவர் ‘எல்பி உறைதான் போட்டேன்’ என்றார்.

அதிலிருந்து எழுத்தில் கேட்டு வாங்குகிறேன்: தட்டின் இருபுறமும் அதைவிடப் பெரிய நெளியட்டை, இரண்டின் வரிகளும் குறுக்கும் நெடுக்குமாக, சுற்றி டேப், அந்தப் பொதி பெட்டிச் சுவரைத் தொடாமல் எல்லாப் பக்கமும் இரண்டு மூன்று அங்குலம் மெத்தை. ஆல்பம் வாங்கினால் தட்டுகளை உறையிலிருந்து வெளியே எடுத்துத் தனியாகப் பொதியச் சொல்லுங்கள். உள்ளேயே விட்டால் தைத்த ஓரத்தில் பட்டு வரிசையாக உடையும். சுங்க வரியை விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

தட்டிலிருந்து பதிந்து இணையத்தில் ஏற்றலாமா?

இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவு உரிமை வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். ஸ்விங் காலத் தட்டுகள் அந்தக் கணக்கைத் தாண்டிவிட்டன. ஆனால் பாட்டை எழுதியவரின் உரிமை தனி. அமெரிக்காவில் கணக்கு வேறு: 2018 சட்டப்படி 1923 முதல் 1946 வரை வந்தவற்றுக்கு நூறு ஆண்டுகள். 1935 தட்டு அங்கே 2036 ஜனவரி 1 அன்றுதான் விடுதலை. தளங்கள் பெரும்பாலும் அமெரிக்காவில் இருப்பதால், ஏற்றியது நீக்கப்பட்டால் ஆச்சரியப்பட வேண்டாம்.

இது முதலீடாகுமா?

ஆகாது. தங்கம் வாங்குங்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் டிரம்மர் சார்லி வாட்ஸ் சேர்த்த ஜாஸ் பொருட்கள் 2023ல் கிறிஸ்டீஸ் நிறுவனத்தில் ஏலம் போனதைப் பார்த்துச் சிலர் கேட்கிறார்கள். அவர் பெயரும் அந்த விலையில் சேர்ந்தது. நம் வீட்டு பீரோவுக்கு அந்தப் பெயர் இல்லை.

வெளி ஓரத்திலிருந்து ஒரு மயிரிழை விரிசல். ஒட்டலாமா?

ஒட்டாதீர்கள். பசை பள்ளத்துக்குள் இறங்கினால் அதோடு முடிந்தது. விரிசல் லேபிள் வரை போகாமல் இருந்தால் பெரும்பாலும் ஓடும், சுற்றுக்கு ஒரு ‘டிக்’ கேட்கும். முள் மேடேறிக் குதிக்கிறதா, பள்ளத்தில் இறங்குகிறதா என்று முதலில் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். குதித்தால் விட்டுவிடுங்கள். குதிக்காவிட்டால் ஒரே தடவை ஓட்டிப் பதிந்துகொண்டு, உறையின் மேல் பென்சிலால் ‘விரிசல்’ என்று எழுதி, இருபுறமும் அட்டை கொடுத்து நிறுத்திவையுங்கள்.